எஸ்தர் மாற்ற மறுத்த வரி

எஸ்தருக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த காதர் பாய்க்கு ஆஸ்பத்திரி வாசலில் நான் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் கணவர் படியிறங்கி வந்தார். "போயிட்டா" என்றார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. காதர் பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

எஸ்தரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவள் அமைத்த ரத்ததானப் பக்கம் நினைவிருக்கும். கொடையாளர் பதிவுகள் எல்லாம் எக்ஸ்எம்எல் என்ற ஒரு தரவுக் கோப்பில் இருந்தன. தேடுபவர் அடிக்கும் எழுத்துகள் முகவரியின் எந்தப் பகுதியில் வந்தாலும் அந்தப் பதிவைக் காட்டும்படி, அந்தக் கோப்பைத் திரைக்குக் கொண்டுவரும் ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரி எழுதியிருந்தாள்.

பாளையங்கோட்டையை நாம் யாரும் முழுதாக எழுதுவதில்லை, 'பாளை'தான். அப்படித் தேடினால் மேலப்பாளையத்துக்காரர்களும் சேர்ந்து வந்தார்கள். நம் மேலாளர் அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை.

"முழுப்பேரும் பொருந்துனா மட்டும் வரட்டும்மா. கேட்டது ஒண்ணு, வருதது ஒண்ணா இருக்கு."

"மேலப்பாளையம் என்ன மணிமுத்தாத்து மலைக்கு மேலயா இருக்கு, அண்ணாச்சி? ஆட்டோவுல ஏறினா வந்துருவாவ. கூட நாலு பேரு வந்தா தேடுதவன் தள்ளிட்டுப் போவான். வராதவனை எங்கன போய்த் தேடுவான்?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்கு நடுவே, பதிவில் இருந்த கொடையாளர் ஒருவர் போனில் அவளைத் திட்டினார். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் தன்னைக் கூப்பிடுகிறார்களாம். அவள் பொறுமையாக மன்னிப்புக் கேட்டாள். போனை வைத்துவிட்டு, "ஏட்டி, நான் செய்யுதது சரிதானா?" என்றாள். அவள் சாப்பாட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவளுடையது எளிதில் கிடைக்காத ரத்த வகை. அறுவைச் சிகிச்சை நாளன்று அவள் கணவர் அதே பக்கத்தில் 'பாளை' என்றுதான் தேடினார். அந்த வகையில் வந்த பெயர்களில் ஒருவர் வெளியூரில் இருந்தார், இன்னொருவருக்குக் காய்ச்சல். மிச்சம் இருந்தவர் மேலப்பாளையம் காதர் பாய். ஆட்டோவில் வந்து இறங்கினார்.

அடக்கத்துக்கும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றவர், என்னைப் பார்த்ததும், "நான் இன்னும் வெள்ளன வந்திருக்கணுமோம்மா?" என்று கேட்டார். "இல்ல பாய்" என்றேன்.

இப்போது அந்தப் பக்கம் என் பொறுப்பில் இருக்கிறது. "இனியாவது அந்த வரியைத் திருத்திருவோமாம்மா?" என்று அண்ணாச்சி பையக் கேட்டார். கோப்பைத் திறந்து அந்த வரியைப் பார்த்தேன். அவளிடம் காதர் பாயைக் கொண்டுவந்தது அதுதான். அவளைக் காப்பாற்ற அது போதவில்லை. சரிதானா என்று அவள் கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

'பாளை' என்று அடித்துப் பார்த்தேன். காதர் பாயின் பெயர் வந்தது.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன்.