அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிய கம்ப்யூட்டர்

சூடான தகரமும் ஈரத் தூசியும் கலந்த ஒரு வாசனை... கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் குப்பென்று மூக்கில் ஏறும். எங்கள் தூத்துக்குடி உப்புக் காற்றில் கம்ப்யூட்டருக்குள் போகும் தூசி ஊதினால் போகாது. ஃபேன் இறக்கைகளில் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்போது நான் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் ஏசி இருந்தது ஒரே ஒரு அறையில். அங்கேதான் கம்ப்யூட்டர்.

பிறகு அந்த அறைக்கு ஜெசி அக்காவும் வந்தாள்.

சாத்தான்குளத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். அம்மா, அப்பா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான்... அவ்வளவுதான் குடும்பம். வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன் முடிந்து கீமோ ஆரம்பித்ததும் அவளை என்னோடு கூட்டி வந்துவிட்டேன். வெக்கை தாங்க மாட்டாள் என்று ஏசி அறையில் கட்டிலைப் போட்டேன்.

கீமோ ஏறிய பிறகு அவளுக்குச் சத்தமே ஆகாது. தட்டு வைக்கும் ஓசைக்குக்கூடக் குமட்டும். எடிட் செய்த துண்டுகளை ஒரே வீடியோவாக்க நான் ரெண்டர் போட்டால் கேபினட் மிக்ஸி மாதிரி இரையும். சுவர்ப் பக்கம் திரும்பி, தலையணையை எடுத்துக் காதின் மேல் வைத்துக்கொள்வாள்.

அதைப் பார்த்துக்கொண்டு எப்படி வேலை செய்வது...

கம்ப்யூட்டரை ஹாலுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த வெக்கைக்கு ரெண்டர் பாதியில் மெஷின் சூடேறித் தானாகவே ஆஃப் ஆனது. திரும்ப அறைக்கே கொண்டுவந்து ஃபேன் வேகத்தைக் குறைத்தேன். அப்போதும் ஆஃப். சத்தத்தைக் குறைத்தால் சூடு, சூட்டைக் குறைத்தால் சத்தம். கல்யாண வீட்டுக்காரர்கள் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு மதியம் அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. நான் கேபினட்டைத் திறந்து வைத்து முழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, காற்று எப்படிப் போகிறது என்று கேட்டாள். முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன் என்றேன். தலைமாட்டில் இருந்த டிஷ்யூ பேப்பரில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்து, இரண்டுக்கும் முன்னால் பிடித்துக் காட்டச் சொன்னாள்.

முன்னால் பிடித்தேன். பேப்பர் உள்ளே இழுத்து ஒட்டியது. பின்னால் பிடித்தேன். அங்கேயும் ஒட்டியது.

"ஏலே, ரெண்டும் உள்ளதான இழுக்கு. அப்ப சூடு எங்கன வழியாலே வெளிய போகும்?"

எத்தனையோ நாள் கழித்து அவள் முகத்தில் அந்த டீச்சர் சிரிப்பைப் பார்த்தேன்.

பின்னால் இருந்த ஃபேனைக் கடையில் யாரோ திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மெதுவாகச் சுற்றினாலும் நிறையக் காற்றுத் தள்ளும் பெரிய ஃபேன்களாக வாங்கினேன். முன்னால் இருப்பது உள்ளே இழுக்க, பின்னால் இருப்பது வெளியே தள்ள. முகப்பில் மூடியிருந்த பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுத் தூசிக்குக் கொசுவலைத் துணி கட்டினேன். குறுக்கே தொங்கிய வயர்களை ஓரமாகக் கட்டினேன். சுவரை ஒட்டியிருந்த கேபினட்டைத் தள்ளி வைத்தேன். மேஜையில் அதிர்ந்து உய்ய்யென்று ஒரு ஓசை வருவதாக அவள் சொன்னதால், அடியில் சைக்கிள் டியூபை வெட்டிக் கொடுத்தேன்.

ரெண்டர் போட்டேன். சூடு ஏறவில்லை. ஃபேன்கள் சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் தலையணை இல்லாமல் தூங்கிப்போனாள். எனக்கு ஏதோ பெரிதாகச் சாதித்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல்.

"ஏலே... போயிட்டியா?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆபரேஷன் செய்த இடம் வலிக்கும், சட்டென்று திரும்ப முடியாது. நான் அவளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இங்கனதான இருக்கேன்க்கா."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணு முழிச்சா ஒரு சத்தத்தையும் காணோம். யாருமே இல்லாத வீட்ல கெடக்க மாதிரி பயந்துட்டேன்... கொஞ்சம் சத்தம் விடுலே. நீ இருக்கன்னு எனக்குத் தெரியணும்."

பின்னால் இருந்த ஃபேனின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒரு இடத்தில் அவள் கையை உயர்த்தினாள். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மருந்து வாங்கக் கடைக்குப் போனாலும் ஆஃப் செய்ய மாட்டேன். இரண்டாவது ஸ்கேன் பார்த்த டாக்டர், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

மழைக்காலம் தொடங்கும்போது போய்விட்டாள்.

அன்றைக்குச் சொந்தக்காரர்களும் சர்ச் சபைக்காரர்களும் வந்து அறை நிறைந்துவிட்டது. எனக்குக் கண்ணீர் வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது சித்தப்பா ஒருவர், இது எதுக்கு வெட்டியா ஓடுது என்று சொல்லிக் கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தார்.

ஃபேன் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது.

அப்போதுதான் வெடித்து அழுதேன்.

இப்போது டவுனில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. என்னோடு மூன்று பேர் எடிட்டிங் செய்கிறார்கள். எல்லாம் சத்தமே போடாத புது மெஷின்கள். ஆன் ஆகியிருக்கிறதா என்று லைட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு எதற்காக அப்படித் தவித்தேனோ அது இன்று கடையிலேயே கிடைக்கிறது.

எல்லோர் காதிலும் ஹெட்போன். சாயங்காலம் யார் கிளம்பினார்கள், யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிறது...