மதினியோடு எம்.எஸ்சி. படித்த ஆறு மாதம்

மணியாச்சியில் ரயில்வே வேலை பார்த்த அண்ணன் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது, இரண்டு விண்ணப்பப் படிவங்களைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தான். ஒன்றை மதினியிடமும் இன்னொன்றை என்னிடமும் நீட்டினான். கோவில்பட்டிக் கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம். நான் கேட்கவே இல்லை. அப்போதுதான் பி.எஸ்சி. முடித்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் போயிருந்த சேக்காளி ஒருவன் என்னையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டவர் மதினி. அவரும் கணிதப் பட்டதாரிதான். படிப்பு முடிந்த கையோடு கல்யாணமாகி, பசுவந்தனைக்கு அங்கிட்டு இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது; ஒரு பெண் குழந்தையும் இருந்தது. மேலே படிக்க வேண்டும் என்று அவர் அண்ணனிடம் சொல்ல, அண்ணன் அப்பாவிடம் சொல்ல, அப்பா ஒரு நிபந்தனையோடு சரி என்றார்.

“சின்னவனும் கூடப் போயிட்டு வாரதா இருந்தா போகட்டும். தனியா பஸ் ஏத்தி விட்டுட்டு என்னால இங்கன நிம்மதியா ஆடு மேய்க்க முடியாது.”

அப்படித்தான் நான் முதுகலை மாணவன் ஆனேன். வகுப்பில் ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். மதினி முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் கடைசியில், ஜன்னலோரம். பி.எஸ்சி.யில் எனக்குத் தெரிந்த வித்தை, கைடை மனப்பாடம் செய்து அப்படியே இறக்கி வைப்பது. எம்.எஸ்சி.க்கும் அது போதும் என்று நினைத்தேன். மதினிக்கு முதல் மாதம் திணறல்தான். மூன்று வருட இடைவெளியில் பழைய பாடம் பாதி மறந்திருந்தது. ஆனால் எது தெரியவில்லையோ அதைத் தனியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் அந்த நோட்டு, அடுப்படியில் அந்த நோட்டு. அம்மா பேத்தியைத் தூங்க வைத்துவிட்டு வந்து பார்த்தால், மருமகள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு போட்டுக்கொண்டிருப்பார்.

ஐப்பசியில் ஒரு நாள். நல்ல மழை. கரிசல் அப்பிக்கொள்ளும் என்று செருப்பைக் கையில் பிடித்தபடி வண்டிப்பாதையில் நடந்து, பஸ் பிடித்து, நனைந்தே போய்ச் சேர்ந்தோம். ரியல் அனாலிசிஸ் வகுப்பு. தொடர்ச்சியான சார்புகள் வரிசையாக ஓர் எல்லையை நெருங்குவதைப் பேராசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு புள்ளியிலும் வரிசையில் எத்தனையாவது எண் வரை போனால் போதும் என்று கணக்கிட்டார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். மதினி எழுந்து நின்றார்.

“சார், புள்ளிக்குப் புள்ளி அந்த எண் மாறிக்கிட்டே வருதே. எல்லாப் புள்ளிக்கும் பொதுவா ஒரே எண் கிடைக்கணும்னு கேட்டா என்ன ஆகும்?”

பேராசிரியர் சாக்பீஸை மேசையில் வைத்தார். “அது நாளைக்கு நடத்த வேண்டிய பாடம்மா” என்றார். பிறகு அன்றைக்கே அதை நடத்தினார். எனக்கு அதில் ஒரு வரிகூட ஏறவில்லை. ஆனால் என் வீட்டில் சோறு பொங்குகிற ஒருவர் நாளைய பாடத்தை இன்றைக்கே எட்டிப் பிடித்ததைக் கண்ணால் பார்த்தேன். பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். எரிச்சலாக இருந்தது.

முதல் செமஸ்டர் முடிவு வந்தது. மதினி வகுப்பில் முதல் ஆள். நான் ரியல் அனாலிசிஸில் பெயில். அப்பா தொழுவத்தில் ஆடு தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். “என்னலே ஆச்சு?” என்றார். “பாடம் ரொம்பக் கஷ்டம்ப்பா. யாருக்கும் புரியல. மதினியும் ஏதோ தப்பிச்சிட்டாவ” என்றேன். அவர் குழையைக் கட்டி முடித்தார். “அப்ப ரெண்டு பேரும் நின்னுக்கிடுங்க. புரியாத படிப்புக்கு எதுக்கு அலையணும்?”

எனக்கு விடுதலை கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூருக்குப் போன் போடலாம் என்று திரும்பினால், வாசலில் மதினி நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கோபப்படுவார் என்று பார்த்தேன். சாதாரணமாகத்தான் கேட்டார்.

“தம்பி, உங்களுக்குப் புரியாம போச்சா, இல்ல நீங்க படிக்கலையா?”

“படிக்கல.”

“அத மாமாட்ட சொல்லுங்க.”

திரும்பப் போய்ச் சொன்னேன். அந்த நாலடி தூரம் நடந்தது இப்போதும் காலில் இருக்கிறது. நான் படிக்கவில்லை, எனக்கு அதில் விருப்பமும் இல்லை, மதினிதான் வகுப்பிலேயே முதல் என்றேன். அப்பா என்னைத் திட்டவில்லை. “நீ வேலைக்குப் போ. அவ கூட யாரு போவா?” என்று மட்டும் கேட்டார்.

மதினியே பதில் சொன்னார். “மாமா, அந்த பஸ்ல நம்ம ஊருக்காரவிய இருவது பேரு வாராவ. நான் எங்கன தனியா போறேன்?”

மறுநாள் காலை மதினி பையை மாட்டிக்கொண்டு, “போயிட்டு வாரேன் மாமா” என்று சொல்லிவிட்டு நடந்தார். அப்பா எழுந்து பாதை முக்கு வரைக்கும் போய், பஸ் கிளம்பும் வரை நின்று பார்த்துவிட்டு வந்தார். ஒரு வாரம் அப்படி நின்றார். பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் நான்கு வருடம் கம்பெனியில் இருந்தேன். நல்ல வேலைதான். ஆனால் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தால், அந்த மழைநாளில் எனக்குப் புரியாமல் போன பாடம் என்னவாக இருக்கும் என்ற எண்ணம் வரும். ஒருநாள் பழைய புத்தகம் ஒன்றை வாங்கிப் புரட்டினேன். இரண்டு மாதத்தில் நாற்பது பக்கம். மனப்பாடம் செய்யாமல் படித்த முதல் நாற்பது பக்கம் அதுதான். வேலையை விட்டுவிட்டு வந்து, யாரும் சொல்லாமல் நானே விண்ணப்பம் வாங்கினேன்.

அதற்குள் மதினி தகுதித் தேர்வு எழுதித் தேறி, அதே கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இப்போது நான் இரண்டாம் வருடம். வகுப்பில் பிள்ளைகள் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார்கள். மதினியை நான் மேடம் என்று கூப்பிடும்போது முதலில் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டது. அவர் எங்களுக்கு மெஷர் தியரி எடுக்கிறார். போன வாரம் டெஸ்ட் பேப்பர் கொடுத்தார். இருபத்தைந்துக்குப் பதினெட்டு. வீட்டில் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

“ஏட்டி, சொந்தக் கொழுந்தனுக்கு ரெண்டு மார்க்கு கூடப் போட்டா என்ன?”

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். “மூணாவது கேள்வில அவிய எழுதினது பாதி வரைக்கும் சரி அத்தை. மிச்சம் அவியளுக்கே வரும். நாளைக்கு எழுதிட்டு வருவாவ.”

மறுநாள் எழுதிக்கொண்டு போனேன். சரியாகத்தான் இருந்தது.