கஞ்சி போகாத லினன்

கொடிமலையை நான் நாற்பது தடவையாவது கட்டையில் செதுக்கியிருப்பேன். எல்லாம் என் மனைவி கட்டிய பாட்டு வரிகளை வைத்துத்தான். ஜார்ஜ் டவுன் வீட்டு ஜன்னலில் நின்று அந்த மலையைப் பார்த்து, "மேகம் எறங்கி மலையக் குடிக்குது, மிச்சம் வைக்கச் சொல்லு சாமி" என்பாள். நான் அதைப் படமாகச் செதுக்கி லினன் துணியில் அச்சடிப்பேன். புதுத் துணியை அவித்துக் கஞ்சியைப் போக்கித் தருவது அவள் வேலை. நான் பெரிய துரை, அந்த அண்டா பக்கமே போனதில்லை.

தொழுநோய் என்று அவளை, நோயாளிகளை ஒதுக்கி வைக்கும் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எட்டு மாதம் கழித்து, அங்கே துணி அவிக்கும் ஆள் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, அக்காவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. ஒரு மாசந்தான் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த ஜன்னல் மலைய ஒரு தடவ பாத்துரணுமாம். சாயங்காலம் படகு. அத விட்டா ரெண்டு வாரம் ஆகும்லா."

எனக்குக் கைகால் ஓடவில்லை. அலமாரியில் கிடந்த புது லினனை அவிக்காமலே இழுத்துப் போட்டு, மலையைப் பச்சையும் நீலமுமாக அச்சடித்து, வெயிலில் காயவைத்து, ஓடிப்போய்ப் படகில் கொடுத்தேன். தீவுக்குப் போகும் துணியை அங்கே ஒரு தடவை அவித்துத்தான் உள்ளே விடுவார்கள். அது எனக்குத் தெரியும். கஞ்சியின் மேல் அடித்த சாயம் கஞ்சியோடு போய்விடும் என்பதும் தெரியும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அவர் வந்து தலைகுனிந்து நின்றார்.

"தண்ணிதான் பச்சையாப் போச்சுண்ணே. துணி வெள்ளையா வந்துச்சு. அதையே குடுத்தேன். முகத்துக்கிட்ட வச்சு வச்சுப் பாத்தாங்க. தன் கண்ணுதான் போயிருச்சுன்னு நெனச்சுட்டாங்க."

"அடப்பாவி, வெறுந்துணின்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்ல வாய் எடுத்தேண்ணே. 'ரொம்ப அழகா இருக்குன்னு அவர்கிட்டச் சொல்லிருங்க'ன்னாங்க. எனக்கு அழுக வந்துருச்சு."

அன்றைக்கே அண்டாவை அடுப்பில் ஏற்றினேன். வேறொரு புதுத் துணியை மூன்று தண்ணீர் மாற்றி அவித்தேன், அலசினேன், மலையை அச்சடித்தேன். சாயம் கல்லாட்டம் நின்றது. ஆனால் அடுத்த படகு போய்ச் சேர்வதற்குள் அவள் கண் நிஜமாகவே போய்விட்டது. துணியை மடியில் விரித்து வைத்துக்கொண்டாளாம். இந்தத் தடவையும், ரொம்ப அழகாக இருக்கிறது என்றுதான் சொல்லி அனுப்பினாள்.