கல்லூரி மண்டபத்தில் நான் வாசிக்காத பெயர்

கண்டியில் ஒரு காப்பிக் கிட்டங்கியில் சாக்குகளுக்குக் குறி போடுவது என் வேலை. தோட்டத்தின் எழுத்துகளை வெட்டிய தகட்டைச் சாக்கின் மேல் வைத்துக் கறுப்பு மையைத் தேய்க்க வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு அது போதும். அந்த வேலையில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொட்டை பொறுக்கும் பெண்கள் என்னைப் பார்த்து, "அய்யா இன்னைக்கு மூணு வார்த்தை பேசிட்டாரு. மழை வரும், காயப்போட்டத அள்ளுங்கடி" என்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியும் எனக்குக் காது சிவந்துவிடும்.

அந்த ஆண்டு, சர்வகலாசாலைப் பரீட்சைக்குப் பையன்களை ஆயத்தம் செய்யும் கல்லூரி ஒன்று, சனிக்கிழமை பின்னேரங்களில் தன் மண்டபத்தை ஊராருக்குத் திறந்துவிட்டது. சரித்திரம், தேசப்படம், பாட்டு, செய்யுள் விளக்கம் என்று வாரத்துக்கு ஒன்று. கடைக்காரர்களும் கந்தோர்க் குமாஸ்தாக்களும் போனார்கள். நானும் போய்க் கதவோரத்து வாங்குப் பலகையில் உட்காருவேன். நடத்தியவர் யாழ்ப்பாணத்து உபாத்தியாயர். நல்ல மனிதர். சாக்கு மை படிந்த என் விரல்களைப் பார்த்து, "உங்களுக்கு எழுதத் தெரியுமோ?" என்று ஒரு நாள் கேட்டார். தெரியும் என்று தலையாட்டினேன்.

அவருக்கு ஒரு யோசனை இருந்தது. "தோட்ட வேலைக்கெண்டு கடல் தாண்டி, மன்னார்க் கரையில இறங்கி இஞ்ச வரைக்கும் நடந்து வந்த சனத்தின்ர கதை ஒரு புத்தகத்திலையும் இல்லை. நீங்கள் கேட்டு எழுதுங்கோ. மண்டபத்தில நீங்களே வாசிக்கலாம். ஆள் கூட்டி வாற கங்காணிமாரையும் கூப்பிடுறன்." வாசிப்பது என்னால் ஆகாது. ஆனாலும் முடியாது என்று சொல்வதற்கும் வாய் வேண்டுமே.

கிட்டங்கியில் விஷயத்தைச் சொன்னபோது பெண்கள் சிரித்தார்கள். "நடந்தது ஒரு கதையா? காலு கொப்புளிச்சது, அவ்வளவுதான்." சிரிக்காதவள் ஒருத்தி, ஜன்னலடியில் உட்கார்ந்து கறுப்புக் கொட்டைகளைப் பொறுக்குகிறவள். சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னிடம் வந்தாள்.

புருஷனோடு நடந்து வந்தவள் அவள். தம்புள்ளைக்கு அப்பால் ஒரு வழிமடத்தில் அவனுக்கு வாந்திபேதி கண்டது. கங்காணி நிற்க விடவில்லை. பின்னால் வரும் கூட்டம் தூக்கி வரும் என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு நடந்தான். பின்னால் வந்த கூட்டமோ மடத்தில் யாரும் இல்லை என்றது. செத்தானா, எழுந்து வேறு தோட்டத்துக்குப் போனானா, தெரியாது. அதனால் அவள் தாலியும் குங்குமமுமாகவே இருந்தாள்.

"மடுல்கெல்ல தோட்டத்துக் கங்காணிமாரெல்லாம் அங்க வருவாங்களாம்ல? எங்க வூட்டுக்காரவுக பேர நீங்க சத்தமா வாசிக்கணும்யா. யாராச்சும் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"பேர் என்னம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்லுவாள்? சொன்னால் அவன் ஆயுசு குறையும். பக்கத்தில் இருந்த ஊர்க்காரி ஒருத்தி, "அவ சொல்லமாட்டா, நான் சொல்றேன் எழுதுங்க" என்று அவனுடைய பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் சொன்னாள். இவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். நான் எழுதினேன்.

உபாத்தியாயர் தாள்களைத் திருத்தித் தந்தபோது அந்த மூன்றின் மேலும் சிவப்புக் கோடு இருந்தது. கங்காணி அவளை இழுத்துப் போன வரியும் அடிபட்டிருந்தது. "இது ஒருத்தரின்ர முறைப்பாடு மாதிரிக் கிடக்கு. துரைமாரும் வருவினம். எல்லாருக்கும் பொதுவாய் இருக்கட்டும். 'ஒரு கூலியாள்' எண்டு வாசியுங்கோ, என்ன?"

"சரிங்க" என்றேன். வாசிக்கும்போது பெயரை நானே சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது எனக்கு மனப்பாடமாகியிருந்தது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசைக் கதிரைகளில் துரைமார் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் தலைப்பாகையோடு கங்காணிமார். கிட்டங்கிப் பெண்கள் பின்சுவரோரம் தரையில் இருந்தார்கள். நான் தாளைப் பார்த்தே வாசித்தேன். வழிமடம் வந்தது. சிவப்புக் கோடு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசை. என் வாய், "ஒரு கூலியாள் நோயுற்றான்" என்றது.

"அய்யா, பேரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

நான் தாளைத் திருப்பினேன்.

அவள் எழுந்து நின்றாள். புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் ஊரையும் அவளே சொன்னாள். மண்டபம் முழுதும் கேட்டது. பக்கத்துப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "இருங்கோ அம்மா, வாசிச்சு முடியட்டும்" என்றார் உபாத்தியாயர். கங்காணி ஒருவர் திரும்பிப் பார்த்து, "நீயே வாயால சொல்லிட்டியே, இனி அவன் எங்கிட்டு வர?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் மிச்சத்தையும் வாசித்து முடித்தேன். கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை அவள் குங்குமத்தோடுதான் வந்தாள். ஆனால் மற்றவர்கள் வெற்றிலைத் தட்டை அவளைத் தாண்டி நகர்த்தினார்கள். பெயர் சொல்லித் தந்த ஊர்க்காரி, மகளின் சடங்குக்கு எல்லாரையும் அழைத்தவள், அவளை மட்டும் அழைக்கவில்லை. நான் சாக்கோடு குனிந்திருந்தேன். அவள் அருகில் வந்து நின்றாள்.

"நான் சொன்னதால அவுகளுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமாய்யா?"

"ஒன்னும் ஆகாதும்மா." குரல் எனக்கே கேட்கவில்லை. "சொல்ல வேண்டியவன் நான்தான். உபாத்தியாயர் காயிதத்துல பேர அடிச்சிட்டாரு, நானும் பயந்துட்டேன்."

வேறொரு தாளில் பெயரை எழுதி, வடக்கிலிருந்து கூட்டங்கள் வரும் வழியில் உள்ள மாத்தளைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"காயிதத்துல வேணாம்யா. காயிதத்துல அடிச்சிப்புடுறாங்க. வாயால கேளுங்க."

உபாத்தியாயர் மறுபடியும் வாசிக்கக் கூப்பிட்டார். நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், மாத்தளை வீதியில் வண்டிகள் வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். வடக்கேயிருந்து வந்த கூட்டம் ஒன்று மர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. அவர்கள் முன்னால் போய் நின்று பெயரையும் ஊரையும் சொன்னேன்.

"என்னய்யா முணுமுணுக்கிறீங்க? காதுல விழல" என்றான் வண்டிக்காரன்.

இன்னொரு முறை சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாது என்றார்கள். அடுத்த வண்டிக்குப் போனேன்.