மூக்காயிக்குப் பின்னால் ஒரு துரை

சிவராணியைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு மன்னார் உப்புக்குளத்தில் மரியாதையோடு வீடு போய்ச் சேர்ந்தவர் எவருமில்லை. "எனக்கென்ன பாவம்? முதல்ல உங்கட வீட்டு அடுப்பைப் போய்ப் பாருங்கோ" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். அவளுடைய சாப்பாட்டுக்கடை மீன்குழம்பைப் போலத்தான் அவளுடைய வாயும், காரம் தலைக்கேறும். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "பூனைக்கண்ணி கடை" என்றால் மன்னார் பஸ் நிலையத்தில் யாரும் வழி காட்டுவார்கள். கறுத்த முகத்தில் பாசி நிறத்தில் இரண்டு கண்கள். புதிதாக வருகிறவர்கள் ஒருகணம் திகைத்து நின்றுவிட்டுத்தான் புட்டு இருக்கா என்று கேட்பார்கள்.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பது அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் மூக்காயி, சிவராணியின் அம்மாவுக்கு அம்மாச்சி. அவளுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரையால் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அதில் மூக்காயிக்கு விருப்பம் இருந்ததா இல்லையா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. துரை கப்பலேறிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போனால் தகப்பன் பெயரைக் கேட்டார்கள். "பெத்தவ நான் மலை மாதிரி நிக்கிறேன், தகப்பன் பேரு எதுக்கு? எம் பேரைப் போடுங்க" என்றாள் மூக்காயி.

அன்று பிடித்த பிடிவாதம் இன்னும் விடவில்லை. அந்த வீட்டில் பிறக்கிற எல்லோருக்கும் முதலெழுத்து தாயின் பெயர்தான். முறைப்படி தாலி கட்டிப் பிறந்த பிள்ளைகளுக்கும் அதே சட்டம். மூ. செல்லாயி, செ. ராக்கம்மா, ரா. சிவராணி. பெண் கேட்டு வருகிறவன் இதற்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் கதிரையில் உட்காரலாம். சிவராணியின் புருசன் ரவிசந்திரன் இரண்டு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு வந்து தலையாட்டியவன்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது சிவராணி சின்னப்பிள்ளை. ராக்கம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு லொறியேறி மன்னாரில் முருங்கன் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறினாள். பிறகு சண்டை வந்தது. மடு மாதா கோயில் வளவில் மரத்தடி வாழ்க்கை, அங்கிருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம், அகதி முகாம், மறுபடி மன்னார். தோட்டத்தில் இருந்தபோது அவர்கள் இந்தியாக்காரர், இந்தியாவுக்குப் போனால் சிலோன்காரர், மன்னாருக்கு வந்தால் தோட்டக்காட்டார். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் ராக்கம்மா ஒரே பதில்தான் சொல்லுவாள், "மூக்காயி வீடு." மகளும் அதையே சொல்லிப் பழகினாள்.

அந்த வீட்டுக்கென்று ஒரு படையல் இருக்கிறது. செத்துப்போன தாய்மாருக்குச் சித்திரைப் பறுவமாகிய முழுநிலா நாளில் விரதம் இருப்பதை மன்னாருக்கு வந்த பிறகு அயலவரைப் பார்த்துத்தான் பழகினார்கள். ஆனால் படைப்பதென்னவோ மலைநாட்டு வழக்கப்படி. ஒவ்வொருத்திக்கும் ஓர் இலை போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் விரும்பியதைப் பரிமாறவேண்டும். மூக்காயி விரும்பியது கருவாடு. விரதநாளில் கருவாட்டு மணம் வந்தால் அயல் சும்மா இருக்குமா? மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து சண்டை பிடித்தார்கள். "விரதம் எனக்கு. மூக்காயிக்கு என்ன விரதம்?" என்று சிவராணி கதவைச் சாத்தினாள். பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் செத்தவர் பசியோடு வாசலிலேயே நிற்பார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. துரைக்கு அந்த வீட்டில் ஒருநாளும் இலை போட்டதில்லை. அவருக்கு அங்கே பெயரும் இல்லை. "ஒரு துரை", அவ்வளவுதான்.

சிவராணிக்கு ஒரேயொரு கவலை உண்டு, அதை அவள் பக்கத்துக் கடை பஸ்மினாவைத் தவிர ஒருவரிடமும் சொன்னதில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சியும் கனடாவுக்குப் போய்விட்டாள், தங்கச்சியின் மகள் நிவேதிகாவும் அங்கேதான். "எனக்குப் பிறகு மூக்காயியை ஆரடி பேர் சொல்லிக் கூப்பிடப்போறது?" என்று கேட்டபோது அந்தப் பச்சைக் கண்கள் கலங்கியதைப் பஸ்மினா பார்த்திருக்கிறாள்.

நிலைமை இப்படியிருக்க, நிவேதிகா விளையாட்டாக எச்சிலைக் குப்பியில் துப்பி ஏதோ பரிசோதனைக்கு அனுப்பினாள். ஸ்கொட்லாந்தில் ஒரு கிழவருக்கும் அவளுக்கும் இரத்த உறவு என்று பதில் வந்தது. டங்கன் கேர்ன்டால் என்பது அவருடைய பெயர். அவருடைய தாத்தாவின் அண்ணன் ஜேம்ஸ் கேர்ன்டால் அதே தோட்டத்தில் துரையாக இருந்தவராம். பெயரில்லாத துரைக்கு இத்தனை காலத்துக்குப் பிறகு பெயர் கிடைத்துவிட்டது. அதுவும் சும்மா பெயரா? கோட்டை கட்டி வாழ்ந்த பிரபுக் குடும்பமாம். அந்தக் குடும்பத்தின் வேரைத் தேடுவதே டங்கனுக்கு வாழ்நாள் வேலை.

"அல்லாவே, அப்ப நீங்க இளவரசியா அக்கா?" என்று பஸ்மினா வாயில் கை வைத்தாள்.

"ஓமடி, இளவரசி. போய் ரெண்டு தேங்காய் துருவு" என்றாள் சிவராணி.

ஆனால் ஊர் விடவில்லை. ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் அருள்நேசன் அதுவரை அவளை "அந்தத் தோட்டத்து மனுசி" என்றுதான் சொல்லி வந்தவர். இப்போது கடைக்குள் வந்து "வணக்கம், லேடி சிவராணி" என்று குனிந்தார். டங்கன் மன்னாருக்கு வரப்போவதாகவும், கோட்டை விருந்துக்கு அவளைக் கூப்பிடப்போவதாகவும், மொழிபெயர்க்கத் தானே நிற்பதாகவும் சொன்னார். சிவராணிக்கு அவரைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் மனதுக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. பிரபுக் குடும்பத்து மரத்தில் மூக்காயியின் பெயர் ஏறிவிட்டால் பிறகு அது அழியாது. அதற்காகவே "வரச்சொல்லுங்கோ" என்றாள்.

டங்கன் வந்த நாள் சித்திரைப் பறுவம். கடை பூட்டு, வீட்டில் படையல். மனுசன் நல்லவர்தான். வெயிலில் முகம் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது, கையால் புட்டைப் பிசைந்து கொட்டிச் சிந்திச் சாப்பிட்டார். சிவராணியின் கண்களைப் பார்த்ததும் "என்னுடைய அப்பாவின் கண்" என்று சொல்லி அழவும் செய்தார். பிறகு பாய்போல நீளமான ஒரு தாளை மேசையில் விரித்தார்.

உச்சியில் ஒரு போர்வீரன். எண்ணூறு வருசத்துக்கு முன்பு ஓர் அரசன் அவனுக்கு ஒரு பள்ளத்தாக்கை எழுதிக் கொடுத்தானாம். அவனிலிருந்து கோடுகள் விழுதுபோல இறங்கின. நடுவில் ஒரு பெயரைத் தொட்டு டங்கன் பெருமையாகச் சிரித்தார். அந்தக் காலத்தில் ஒரு போரில் பிரபுவின் பிள்ளைகள் எல்லோரும் செத்துப்போனார்கள். மாவு அரைக்கிறவனின் மகளுக்கும் பிரபுவுக்கும் பிறந்த ஒருவன்தான் மிச்சம். அவன் இல்லாவிட்டால் இன்று நாங்கள் ஒருவரும் இல்லை என்றார். அருள்நேசன் அதைத் தமிழில் சொன்னார்.

"கலியாணம் கட்டாமல் பிறந்தவனோ?" என்று சிவராணி கேட்டாள்.

"ஓம், அப்பிடித்தான்."

"தாய்க்குப் பேர் போட்டிருக்கோ?"

"போட்டிருக்கு. ஈசபெல்."

சிவராணியின் விரல் தாளின் அடிக்கு இறங்கியது. அங்கே ஜேம்ஸ். அவரிலிருந்து புள்ளி புள்ளியாக ஒரு கோடு புறப்பட்டு அவளுடைய பெயரில் முடிந்தது. ஜேம்ஸுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. "இது என்ன?" என்றாள்.

அருள்நேசன் குனிந்து வாசித்தார். "உள்ளூர்ப் பெண் ஒருத்தி எண்டு இருக்கு."

"மூக்காயி எங்க?"

டங்கன் சங்கடப்பட்டுக்கொண்டு விளக்கினார். குடும்பச் சங்கத்தில் விதி உண்டு. பதிவு இல்லாமல் பெயர் ஏற்றமுடியாது. தோட்டத்தில் மூக்காயிக்குப் பிறப்புப் பதிவும் இல்லை, கலியாணப் பதிவும் இல்லை. எவ்வளவோ தேடிப் பார்த்தாராம்.

"ஈசபெல்லுக்குப் பதிவு இருக்கோ?"

டங்கன் தயங்கினார். இல்லை. குடும்பத்தில் காலங்காலமாகச் சொல்லி வந்த பெயர்.

அவ்வளவுதான். கோபம் வந்தால் சிவராணிக்கு மன்னார்ப் பேச்சு போய் மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும். "ஒங்க வீட்ல சொல்லி வந்தா சரித்திரம், எங்க வீட்ல சொல்லி வந்தா பொய்யா? முழுநாள் கொழுந்து பறிச்சவளுக்கு அரைநாள் கூலி எழுதி அரைப்பேர் போட்ட கங்காணி புத்தி இன்னும் போகலியா?"

அருள்நேசன் ஏதோ பஞ்சுபோல இரண்டு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னார். டங்கன் புன்னகைத்தார்.

"சேர்! நான் ஏசினால் அவர் எப்பிடிச் சிரிப்பார்? நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ. கங்காணியையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றாள் சிவராணி.

இந்த முறை டங்கன் சிரிக்கவில்லை. அவள் எழுந்து போய்ப் படையலுக்கு இலை போட்டாள். மூன்று இலை. கருவாட்டை வைத்துத் தண்ணீர் தெளித்து, வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "மூக்காயி, வா தாயி. செல்லாயி, வா. அம்மா ராக்கம்மா, நீயும் வா."

டங்கன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். மெதுவாக அருள்நேசனிடம் கேட்டார். ஜேம்ஸுக்கும் ஓர் இலை போடமுடியுமா? அவரும் இவளுடைய முன்னோர்தானே?

"போடமாட்டன். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் இந்த வீட்டில சாப்பாடு. உங்கட மரத்தில அவள் ஒருத்தி, எங்கட படையல்ல அவர் ஒரு துரை. மூக்காயி பேர் அங்க ஏறுற நாள் ஜேம்ஸுக்கு இங்க இலை. அதுவரைக்கும் அவர் வாசல்ல பசியோட நிக்கட்டும்" என்றாள். பிறகு மேசையில் கிடந்த பேனையை எடுத்து நீட்டினாள். "என்ர பேரையும் வெட்டுங்கோ. மூக்காயி இல்லாமல் சிவராணி எப்பிடி வந்தவள்? வானத்தால விழுந்தவளோ?"

டங்கன் வெட்டவில்லை, பேனையையும் வாங்கவில்லை. அவள் தானே தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கிழவர் தாளைச் சுருட்டிக்கொண்டு குனிந்த தலையோடு போனார்.

"கோட்டைக்கு விருந்துக்குக் கூப்பிட வந்த மனுசனைத் துரத்திப்போட்டியளே!" என்று அருள்நேசன் தலையில் அடித்துக்கொண்டார். ஊரும் அதையே சொன்னது. சிவராணி வழக்கம்போலக் கடையைத் திறந்தாள். பஸ்மினாவிடம் மட்டும், "கிடைச்ச ஒரு வழியையும் நானே அடைச்சுப்போட்டன் போல" என்றாள். சொல்லிவிட்டு நெடுநேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சித்திரை பிறந்தபோது அருள்நேசன் மூச்சு வாங்க ஓடிவந்தார், கையில் தொலைபேசி. திரையில் டங்கன். சங்கத்தில் பெரிய சண்டையாம். மூக்காயிக்கு இடமில்லையென்றால் ஈசபெல்லையும் எடுத்துவிடுங்கள், அவளோடு நாமெல்லோரும் போய்விடுவோம் என்று டங்கன் எழுந்து நின்றாராம். இரண்டு கூட்டத்தில் தோற்று மூன்றாவதில் வென்றிருக்கிறார். புதிய மரத்தைத் திரைக்கு முன்னால் பிடித்தார். ஜேம்ஸுக்குப் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில், தமிழிலும் எழுதியிருந்தது: மூக்காயி. அவளிலிருந்து செல்லாயி, ராக்கம்மா, சிவராணி, பக்கத்தில் தங்கச்சி, கடைசியில் தங்கச்சியின் மகள் நிவேதிகா. கோட்டில் ஒரு புள்ளி கிடையாது.

சிவராணி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். பஸ்மினாவும் அழுதாள். அருள்நேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு "லேடி" என்று தொடங்க, "சும்மா இருங்கோ சேர், சிவராணி எண்டே சொல்லுங்கோ" என்று அந்த அழுகையிலும் ஓர் அதட்டுப் போட்டாள்.

பறுவத்தன்று நான்கு இலை வெட்டினாள். சொன்ன சொல் சொன்னதுதான். தாய்மார் மூவரையும் வரிசையாகக் கூப்பிட்டாள். பிறகு வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"ஜேம்ஸ் துரை! நீங்களும் வாங்க. மூக்காயிக்குப் பின்னால நில்லுங்க. அவ உக்காந்த பொறகு நீங்க உக்காரலாம்."

துரையின் இலையில் கருவாட்டுத் தலையை வைத்தாள். நடுத்துண்டு மூக்காயிக்கு.