வாடிய குழை

யானையை விரட்ட வெடி கொளுத்துவதற்கு முன் காட்டுக்குள் ஆள் இல்லை என்று நிச்சயப்படுத்த வேண்டும். ஜெயபுரத்துக்கு அப்பால் உள்ள ஒதுக்குக் காட்டில் அது என் பொறுப்பு.

எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் பாதை தொடங்கும் இடத்தில் இலையோடு ஒரு குழை முறித்து அங்குள்ள ஐயனார் கல்லடியில் வைப்பார்கள். திரும்பும்போது அவரவர் குழையை எடுத்துவிடச் சொல்லிப் பழக்கியிருந்தேன். மிச்சக் குழைகளை எண்ணினால் உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

பாலைப்பழக் காலம். பத்து மணிபோலத் தோட்டக்காரர் தவராசா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"சேர், யானை வாழைக்குள்ள நிக்குது. கெதியா வெடியைப் போடுங்கோ. இல்லாட்டிக் குசினிக்கு வந்து சோறு கேக்கும்!"

"பொறுங்கோ, குழையைப் பாத்திட்டு வாறன்."

ஐயனார் கல்லடியில் ஒரேயொரு பாலைக் குழை, சுருண்டு வாடிக் கிடந்தது. நேற்று யாரோ எடுக்க மறந்தது என்று நினைத்து எறிந்தேன். மூன்று வெடி போட்டேன். யானை பிளிறிக்கொண்டு காட்டுக்குள், சதுப்புப் பக்கம் ஓடியது.

மரம் முறியும் சத்தம் அடங்குமுன் செல்வி வந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

"அண்ணே, ஒங்க மக வந்திருச்சா? காலையில ரெண்டு பேருமாத்தான் பழம் பொறுக்கப் போனோம். சதுப்போரம் நெறையக் கெடக்குன்னு அது நின்னுருச்சு. நான் என் கொழைய எடுத்துட்டு வந்துட்டேன்."

மகள் காட்டுக்குப் போனதே எனக்குத் தெரியாது. எறிந்த குழையைத் தேடி எடுத்தேன். முறித்த நுனியில் பால் இன்னும் காயவில்லை. வறண்ட சோளகக் காற்று இலையை மட்டும் வாட்டியிருந்தது.

யானையின் அடித்தடத்தைப் பார்த்துக்கொண்டு ஓடினேன். சதுப்போரத்தில் எங்கள் வீட்டு வாளி நசுங்கிக் கிடந்தது. சுற்றிலும் பழம். அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"கத்தாதேங்கோ அப்பா." மேலே, மருத மரத்திலிருந்து மெல்லிய குரல். "அது இன்னும் போகேல்லை."

நாணலுக்குள் மூச்சுச் சத்தம் கேட்டது. நான் மரத்தோடு ஒட்டி நின்றேன். அது தண்ணீருக்குள் இறங்கி அக்கரை ஏறும்வரை இருவரும் அசையவில்லை.

இறங்கியதும் அவள் கேட்டாள்: "ஆரப்பா வெடி போட்டது? ஆள் நிக்குதோ எண்டு பாக்கிறேல்லையோ?"

"நான்தான்" என்றேன். நசுங்கிய வாளியை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தேன்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன்: இலையைப் பார்க்காதீர்கள், முறித்த நுனியைப் பாருங்கள். நான் இப்போது அதையும் நம்புவதில்லை. வெடியைக் கையில் எடுத்தால் முதலில் வீட்டுக்கு ஃபோன் எடுக்கிறேன். அவள் "ஓம் அப்பா, வீட்டிலதான்" என்று சொன்ன பிறகும் பாதைக்குள் கொஞ்சம் நடந்து கூப்பிட்டுப் பார்க்கிறேன். உள்ளே இருப்பது வேறு யாருடைய பிள்ளையோ.