கிரேஸ் அக்காவின் வகுப்பில் என் மகன்

“கிரேஸ் அக்கா போயிட்டாங்க” என்று பழைய மாணவி ஒருத்தி நேற்றுக் காலை அழைத்துச் சொன்னபோது, மகனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வாய்க்கு அவன் வாயைத் திறந்தே வைத்திருந்தான்.

நாகர்கோவிலில் வெளிநாடு போகும் நர்சுகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் நிலையத்தில் நானும் அக்காவும் ஆசிரியைகள். கணவர் குவைத்தில். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால் அவனையும் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தேன். குழந்தையோடு வருவதானால் நாளை முதல் வர வேண்டாம் என்று நிலையத்தை நடத்தும் சார் சொல்லிவிட்டார்.

அன்று எந்த வெர்புக்குப் பின்னால் எந்தப் பிரிபொசிஷன் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். நர்சுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் குழப்பினார்கள். இடுப்பில் இவன் வேறு. அக்கா உள்ளே வந்தார்.

“பிள்ளைய இங்க தாட்டி. நீ பிடிக்கிற பிடியில அவனுக்கு மூச்சு முட்டும்.”

“அழுவான்க்கா.”

“அழட்டுமே. சத்தம்தான வரும்?”

மேசைமேல் அவனை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார். “எல்லாரும் இவனப் பாருங்க. லுக் அட்.” துப்பட்டாவால் மறைத்தார். “ஆளக் காணல, தேடுங்க மக்கா. லுக் ஃபார்.” பிறகு முட்டம் ஊர் மாணவி ஒருத்தியின் மடியில் வைத்தார். “இனி இவன் ஒன் பொறுப்பு. லுக் ஆஃப்டர்.” நான் அவ்வளவு நேரமும் இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றேன். அவனோ சிரித்தான்.

வாசலில் சார். “இது கிளாஸா, பால்வாடியா?”

“நர்சு பிள்ளையளுக்குப் பாத்துக்கிட ஒரு ஆள் வேண்டாமா சார்? புக்கயா குளிப்பாட்டச் சொல்லுதீங்க?”

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டுப் போனார். என் வேலை தங்கியது.

“வெர்பத் தனியா மனப்பாடம் பண்ணாதீங்க மக்கா, கூட வாற ஆளோட சேத்துப் பழகுங்க” என்பார் அக்கா. அவரே கடைசிவரை ‘டிஸ்கஸ் அபௌட்’ என்றுதான் சொன்னார். அபௌட் வராதே என்று கேலி செய்தால், “அது எனக்க சொந்த வெர்பு, ஒனக்கென்ன?” என்பார். அவரிடம் படித்த உங்களுக்கும் அந்தப் பதில் கிடைத்திருக்கும்.

நான் இன்னும் பதற்றக்காரிதான். நேற்று மாலை துக்க வீட்டில், முகம் மட்டும் தெரிந்த ஒரு மாணவி கை நீட்டினாள். மகனைக் கொடுத்துவிட்டு அக்காவின் அருகே போய் நின்றேன். பிள்ளையை இன்னொரு கையில் கொடுக்கும் தைரியம் அக்கா எனக்குத் தந்தது, அதை வைத்துக்கொள்கிறேன். ஜெபம் முடியும்வரை ஒரே ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தேன்.